மாங்கனி எங்கிருந்து வந்தது?

ஆனித் திங்களில் காரைக்கால் தெருக்களில் நடந்தவர்கள் அக்காட்சியைக் கண்டிருப்பர். பிச்சாண்டவர் வீதியுலா வருகிறார். மாடிகளிலிருந்து மாங்கனிகள் பறந்து வருகின்றன. கீழே பெருங்கூட்டம்! கைகளை உயர்த்துவோர், துண்டை விரிப்போர், சேலைத் தலைப்பை ஏந்துவோர் என்று விழும் கனியைப் பிடிக்க முண்டியடிக்கிறது மக்கள் வெள்ளம். பிடித்தவர் முகத்திலே மலர்ச்சி. தவறவிட்டவர் முகத்திலே ஏக்கம். அக்கனி எந்தத் தோப்பில் விளைந்தது, எவர் நீர் பாய்ச்சினார், எவர் பறித்தார் என்று அக்கூட்டத்தில் கேட்பார் இல்லை. கேட்கும் நேரமும் அதுவன்று!

விழாவுக்கு வேராக நிற்கும் கதையை நாடறியும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம் அதனைச் சொல்கிறது. காரைக்கால் வணிகன் பரமதத்தன் இரண்டு மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்புகிறான். மனைவி புனிதவதி, பசியோடு வந்த அடியார் ஒருவருக்கு ஒன்றைப் படைத்துவிடுகிறாள். உண்ண வந்த கணவன் மற்றொன்றைச் சுவைத்து, இரண்டாவதையும் கேட்கிறான். அவள் உள்ளே சென்று வேண்டுகிறாள். கையிலே கனி வந்து விழுகிறது! தின்றவன் திகைக்கிறான் — முன்னதைவிட இதன் சுவை வேறாக இருக்கிறதே! உடனே கேட்கிறான்: இக்கனி எங்கிருந்து வந்தது?

கதையை நாம் நம்புகிறோம் என்பதற்காக இதனை இங்கு எடுத்துரைக்கவில்லை. நம்புங்கள் என்று சொல்லவும் வரவில்லை. அக்கதையில் வணிகன் கேட்ட அந்த ஒரு கேள்வி நமக்கு வேண்டும். சுவைத்துவிட்டுச் சும்மா இராமல், சுவை மாறியிருப்பதை உணர்ந்து, வந்த வழியைக் கேட்டான் அவன். நல்ல கேள்வி! ஆனால் கேட்டவன் என்ன செய்தான்? இன்னொரு கனியை வரவழைக்கச் சொன்னான், அதுவும் வந்தது, கை பட்டதும் மறைந்தது. அவ்வளவுதான் — அஞ்சினான், அகன்றான், பின்னொரு நாள் மனைவியின் காலடியிலே வீழ்ந்து வணங்கினான். கேள்வியிலே தொடங்கியவன் கும்பிடுவதிலே முடிந்தான்.

காரைக்காலின் பழங்கதையை இன்று நாம் நினைக்கக் காரணம், புதுக்கனி ஒன்று நம் பிள்ளைகளின் மடியில் வந்து விழுந்திருப்பதுதான். அதன் பெயர் மடிக்கணினி.

சில நாட்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுது. பள்ளியிலே நம்மிடம் பயின்று, இன்று கல்லூரியிலே கலைப்பாடம் பயிலும் மாணவர் இருவர் நம்மைத் தேடி வந்தனர். ஒருவன் கடலுக்குச் செல்லும் மீனவரின் மகன். மற்றவன் நெடுங்காட்டுப் பக்கத்து உழவுக் கூலியின் மகன். இருவருமே தத்தம் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் மனிதர்கள். நெருங்கிய நண்பர்கள், ஆனால் அன்று முகம் கொடுத்துப் பேசாமல் வந்தார்கள்.

வழக்கு இதுதான். காவிரிக் கடைமடையின் நீர்ச்சிக்கல் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள் — அசைன்மென்ட் என்பர் மாணவர். மீனவரின் மகன் மடிக்கணினியைத் திறந்தான், செயற்கை நுண்ணறிவுப் பொறியிடம் தலைப்பைச் சொன்னான், கண்மூடித் திறப்பதற்குள் நான்கு பக்கக் கட்டுரை வந்தது, அப்படியே கொடுத்தான். உழவனின் மகன் வாய்க்கால் கரையிலே நடந்தான், தகப்பனிடம் கேட்டான், அண்டை வீட்டு முதியவரிடம் கேட்டான், தடுமாறும் ஆங்கிலத்தில் தானே எழுதினான். முன்னவனுக்கு உயர்ந்த மதிப்பெண்! பின்னவனுக்கு அதில் பாதி. கூடவே, மொழி சரியில்லை என்ற சிவப்பு மைக் குறிப்பு!

“நான் எழுதினதுக்கு அர்த்தமே இல்லையா, சார்?” என்று கேட்டான் பின்னவன்.

முன்னவன் தலை குனியவில்லை. “எங்கப்பா கடலுக்குப் போறவர் சார். இங்கிலீஷ் எனக்கு எங்கேர்ந்து வரும்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லித்தர அண்ணன் இருக்கான், அக்கா இருக்காங்க, ட்யூஷன் இருக்கு. எனக்கு இந்தப் பெட்டிதான் இருக்கு. அவங்க உதவி வாங்கினா கெட்டிக்காரத்தனம், நான் வாங்கினா திருட்டா?” என்றான்.

சுருக்கென்று தைத்தது அக்கேள்வி. இருவரிலும் எவனைக் கண்டிப்பது? கண்டிப்பதற்கு நமக்கு என்ன தகுதி? அன்றிரவு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. அந்த இரவின் சிந்தனையையே தோழர்கள் முன் வைக்கிறோம்.

முதலில் ஒன்றைத் தீர்த்துக்கொள்வோம். மாணவன் கையில் மடிக்கணினி இருப்பது தேவையா, ஆடம்பரமா? அரசு அதனைக் கொடுப்பது கடமையா, தருமமா?

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், தமிழ்நாட்டில் மேல்நிலைப் பள்ளி மாணவர்க்கும் கல்லூரி மாணவர்க்கும் விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. முதலாண்டுக்கு மட்டும் 9 இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் திட்டமிடப்பட்டன. பின்னர் அத்திட்டம் தடைப்பட்டது. 2025 மார்ச்சில் தமிழ்நாட்டு அரசு தன் வரவு செலவுத் திட்டத்தில், கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேர்க்கு இரண்டாண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்குவதாக அறிவித்தது. புதுச்சேரி அரசும் அரசுப்பள்ளி மேல்நிலை மாணவர்க்கு மடிக்கணினி அளித்ததுண்டு. ஒவ்வொரு முறையும் ஒரு கூட்டம் உதட்டைப் பிதுக்கிற்று. இலவசம்! வாக்குக்கு வலை! உழைக்காதவனுக்கு ஊதியம்! — இப்படிப் பேசினர்.

அவர்களைக் கேட்போம். அமெரிக்காவில் திரெக்சல் பல்கலைக்கழகம் 1980-களின் தொடக்கத்திலேயே புதுமாணவர் ஒவ்வொருவரிடமும் கணினி இருந்தாக வேண்டுமென விதித்தது. மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தின் குரூக்சுடன் வளாகம் 1993-இல் முழுநேர மாணவர் அனைவர் கையிலும் மடிக்கணினியைக் கொடுத்தது. அதனைக் கல்விச் சீர்திருத்தம் என்று பாராட்டியது உலகம். அங்கே கொடுத்தால் சீர்திருத்தம், கீழையூரிலும் கோட்டுச்சேரியிலும் கொடுத்தால் இலவசமா? சீமான் வீட்டுப் பிள்ளை கையில் இருந்தால் கருவி, கூலி வீட்டுப் பிள்ளை கையில் இருந்தால் பிச்சையா?

அறிவின் கருவியை எவர் வைத்திருக்கலாம், எவர் வைத்திருக்கலாகாது என்று வகுப்பது இந்நாட்டுக்குப் புதிதன்று. ஏட்டைத் தொடாதே என்றனர் ஒரு காலத்தில். கேட்டால் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்றது நூல். கட்டை விரலைக் காணிக்கையாகப் பெற்ற குருவைக் கதாநாயகனாக்கிக் காட்டினர். 1953-இல்கூடச் சென்னை மாநிலத்தில், அரை நாள் பள்ளி, மீதிப் பொழுதில் தகப்பன் தொழில் என்றொரு திட்டம் வந்தது. மக்கள் மூட்டிய எதிர்ப்புத் தீயில் மறு ஆண்டே அது மறைந்தது. கல்வியை எட்டாக் கனியாக்கி வைத்திருந்த நாட்டில், கனி கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கி வந்தால், அது தருமம் அன்று; பழைய கடனில் ஒரு தவணை! கடன் பெறுபவன் கூனிக்குறுகத் தேவையில்லை.

காரைக்காலில் வாழும் நமக்கு இந்த உண்மை இன்னும் கூர்மையாகத் தெரியும். 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊர் இது. 1954 நவம்பர் முதல் நாள் அவர்கள் ஆட்சியை விட்டகன்றனர். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று சொற்களைத் தம் கட்டடங்களில் பொறித்து வைத்த ஆட்சி அது. ஆனால் அச்சொற்கள் சேரிக்கும் குப்பத்துக்கும் நடந்து வரவில்லை. அவர்கள் வரைந்த எல்லைக்கோடு மட்டும் இன்றும் நிற்கிறது. வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் நாகூர். ஒரே மொழி, ஒரே கடல், ஒரே காற்று. கோட்டுக்கு அப்பால் கல்லூரியில் பயிலும் அத்தை மகனுக்கு ஒரு சட்டம். இப்பால் பயிலும் மாமன் மகனுக்கு வேறொரு சட்டம். கொடுப்பது அரசின் மனத்தைப் பொறுத்த தருமமானால் இவ்வேறுபாட்டைக் கேட்க முடியாது. உரிமையானால் கேட்கலாம், கேட்கவேண்டும். ஆதலால்தான் பெயரில் பிழை வரலாகாது என்கிறோம். இலவசம் என்று சொல்லாதீர். உரிமை என்று சொல்லுங்கள்.

சரி, உரிமை என்று நிலைநாட்டிவிட்டோம். அத்தோடு பணி முடிந்ததா? பெட்டியைக் கொடுத்தோம், பேரறிவு பிறந்துவிட்டது என்று முரசறையலாமா?

அறையலாகாது! பகுத்தறிவாளர் என்று நம்மைச் சொல்லிக்கொள்வோமானால், நமக்குப் பிடித்த பொருளையும் உரைகல்லில் தேய்த்துப் பார்க்கும் நெஞ்சுரம் வேண்டும். பிறர் நம்பிக்கையை மட்டும் ஆராய்ந்து, நம் நம்பிக்கையைப் பட்டுத் துணியால் மூடிவைப்பது ஆராய்ச்சி அன்று.

தென்னமெரிக்காவின் பெரு நாட்டிலே, குழந்தைக்கொரு மடிக்கணினி என்ற முழக்கத்தோடு நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கணினிகளை அள்ளி வழங்கினர். 319 பள்ளிகளை எடுத்துக்கொண்டு அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கியின் ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 2012-இல் முடிவை வெளியிட்டனர். கணக்கிலும் மொழியிலும் தேர்வு மதிப்பெண் உயர்ந்ததற்குச் சான்றில்லை என்பதே முடிவு! அமெரிக்காவின் வெசுட்டு பாயிண்ட்டு இராணுவக் கல்விக்கழகத்தில் பொருளியல் வகுப்புகளைப் பிரித்து, சிலவற்றில் கணினியை அனுமதித்து, சிலவற்றில் விலக்கிப் பார்த்தனர். 2017-இல் வெளிவந்த அவ்வாய்வின்படி, கணினி அனுமதிக்கப்பட்ட வகுப்பினர் தேர்வில் பின்தங்கினர். 2014-இல் வந்த மற்றோர் ஆய்வு, கணினியில் குறிப்பெடுப்போர் ஆசிரியர் சொல்வதைச் சொல்லுக்குச் சொல் பதிந்துகொள்கின்றனர், கையால் எழுதுவோரோ சிந்தித்துச் சுருக்குகின்றனர் என்றது. அதே சோதனையைப் பின்னர் செய்து பார்த்த வேறு சிலர்க்கு, தேர்வு மதிப்பெண்ணில் அவ்வளவு வேறுபாடு கிடைக்கவில்லை. அறிவியல் அப்படித்தான் நடக்கும். சொல்லும், சோதிக்கும், திருத்தும்.

இவற்றைப் படித்ததும் ஒரு சாரார் துள்ளுவர். பார்த்தீர்களா, நாங்கள் அன்றே சொன்னோமே, பெட்டி வீண் என்பர். பொறுங்கள்! அவ்வாய்வுகள் பெட்டியை மட்டுமா எடைபோட்டன? பெட்டி போய்ச் சேர்ந்த வகுப்பறையையும் அல்லவா எடைபோட்டன! நம் கல்லூரி வகுப்பறை எப்படி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் வருகிறார். பழுப்பேறிய நோட்டுப் புத்தகத்தைத் திறக்கிறார். தாம் மாணவராயிருந்தபோது எழுதியதை இன்று படிக்கிறார். மாணவர் எழுதுகின்றனர். தேர்விலே அதனைத் திருப்பிக் கொட்டுகின்றனர். இத்தகைய வகுப்பில் மடிக்கணினியைக் கொண்டுவைத்தால் என்ன நிகழும்? பேனாவால் எழுதியவன் விசையைத் தட்டி எழுதுவான். அலுப்புத் தட்டியவன் முன்பு சன்னலுக்கு வெளியே பார்த்தான்; இனித் திரைக்குள்ளே திரைப்படம் பார்ப்பான். பெட்டி புதிது, பாடம் பழையது! புதுப்பானையில் பழைய கூழை ஊற்றிவிட்டுப் பானையைக் குறை சொல்வானேன்?

இங்கே ஆசிரியராகிய நாம் நம்மையே சற்றுக் கேட்டுக்கொள்ளவேண்டும். வகுப்பிலே கணினி வேண்டாம் என்று முகம் சுளிக்கிறோமே, அதற்குக் காரணம் மாணவன் கவனம் சிதறுகிறது என்பது மட்டுந்தானா? நாம் ஓராண்டைப் பிழையாகச் சொன்னால், கடைசி வரிசையில் இருப்பவன் அரை நொடியில் அதனைக் கண்டுபிடித்துவிடுவான் என்ற அச்சம் நெஞ்சின் மூலையில் இல்லையா? நாமும் ஒருநாள் அப்படி வியர்த்தோம். ஒரு போரின் ஆண்டை மாற்றிச் சொல்லிவிட்டோம். ஒரு மாணவி எழுந்து திருத்தினாள். முதலில் சினம் வந்தது. பின்னர் வெட்கம் வந்தது — பிழைக்காக அன்று, சினந்ததற்காக! மந்திரத்தை நான் மட்டுமே அறிவேன், நீ கேட்டுக் கொள்ளவேண்டியவன் என்று சொன்ன கூட்டத்தை எதிர்த்துப் பேசுகிறோம். வகுப்பறையிலே நாமும் சிறு புரோகிதராக நின்றால் அது எப்படி நீதியாகும்? பூணூல் இல்லை என்பது ஒன்றே வேறுபாடா?

ஆகவே கணினியை விலக்கும் ஆசிரியரும், கணினியே போதுமென்னும் அரசும் ஒரே பிழையின் இரு முகங்கள். ஒருவர் கனியை ஒளிக்கிறார். மற்றவர் கனியை வீசிவிட்டுப் போகிறார். மரத்தைக் காட்ட இருவரும் முன்வரவில்லை.

பொறி தானாகப் பகுத்தறிவு தராது என்பதற்குத் தொலைவிலே சான்று தேடவேண்டாம். நம் மாவட்டத்துத் திருநள்ளாறே போதும். சனிப்பெயர்ச்சி நாளில் அங்கே திரளும் கூட்டத்தைச் சொல்லவேண்டியதில்லை. அதே சனிக்கோளை, காசினி என்ற விண்கலம் 2004 முதல் 2017 வரை பதின்மூன்று ஆண்டுகள் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தது. அப்படங்கள் எவரும் காணத் திறந்து கிடக்கின்றன. திருநள்ளாற்று மாணவன் தன் மடியிலே சனியின் வளையங்களைக் காணலாம். கதிரவனை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ இருபத்தொன்பதரை ஆண்டு ஆகிறது என்று அறியலாம். அதனைப் பன்னிரண்டால் வகுத்தால், இரண்டரை ஆண்டுக்கொரு பெயர்ச்சி எப்படி வந்தது என்ற கணக்கும் விளங்கும். அச்சம் தெளியும்! ஆனால் தோழர்களே, அதே மடிக்கணினியில், அதே மாணவன், சாதகம் கணிக்கும் மென்பொருளைத் திறந்து, ஏழரைச் சனிக்குப் பரிகாரமும் தேடலாம். பொறி இரண்டையும் ஒரே வேகத்தில், ஒரே பணிவோடு செய்து கொடுக்கும். அதற்கு வேண்டியது மின்சாரம், கொள்கை அன்று. எதைக் கேட்பது, வந்ததை எப்படிச் சோதிப்பது என்ற அறிவு, திரைக்கு இப்பால் அமர்ந்திருப்பவனிடம்தான் இருக்கவேண்டும்.

2022 நவம்பர் இறுதியில் சாட் ஜிபிடி என்ற உரையாடும் பொறி பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. அதன் பின் சிக்கல் மேலும் முற்றியது. அத்தகைய பொறி, மாந்தர் எழுதி வைத்த பெருங்குவியலான எழுத்துகளைப் பயின்று, இச்சொல்லுக்குப்பின் எச்சொல் வரத்தகும் என்று கணித்துக் கணித்து வாக்கியம் கோக்கிறது. கேட்டதும் கனி கையில் விழுகிறது, சுவையும் இருக்கிறது. ஆனால் மரம்? 2023-இல் நியூயார்க்கு நகரத்து வழக்கறிஞர் இருவர், பொறி தந்த முன்தீர்ப்புகளை அப்படியே மன்றத்தில் எடுத்துக்காட்டினர். நீதிபதி தேடினார், அப்படிப்பட்ட வழக்குகளே உலகில் நடந்ததில்லை! பெயர் உண்டு, எண் உண்டு, தீர்ப்பு வாசகமும் உண்டு; வழக்கு மட்டும் இல்லை. 5,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. பரமதத்தன் கையில் மறைந்த இரண்டாங்கனி நினைவுக்கு வருகிறதல்லவா? படித்துப் பட்டம் பெற்ற வழக்கறிஞர்கள், அந்தப் பழைய வணிகன் கேட்ட கேள்வியைக்கூடக் கேட்கவில்லை — இது எங்கிருந்து வந்தது?

இனி அந்த இரு மாணவரிடம் திரும்புவோம்.

மீனவரின் மகன் திருடனா? அல்லன் என்பதே நம் தீர்ப்பு. அவன் முன் ஆங்கிலம் என்னும் வேலியை எழுப்பியவர் எவரோ, அவர்தான் முதற்குற்றவாளி. கடைமடை நீரைப் பற்றிக் கடைமடைப் பிள்ளை தமிழில் எழுதினால் என்ன குடிமுழுகிப் போய்விடும்? 1999-இலேயே தமிழ்நாட்டு அரசு தமிழ் 99 என்ற விசைப்பலகையைத் தரப்படுத்தியது. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி இன்று திரையிலே விரிகிறது. தமிழ் எழுத்து கணினியில் ஏறிப் பல ஆண்டாயிற்று; கல்லூரித் தேர்வுத்தாளின் மனத்தில்தான் இன்னும் ஏறவில்லை! வேலியைத் தாண்டப் பொறியை ஏணியாக்கினான் அப்பையன். ஏணியை வைத்ததற்காக அவனைக் கண்டிக்க நமக்கு நாக்கு எழவில்லை.

ஆனால் அவன் ஏமாந்தான் என்று சொல்லாமல் இருக்கவும் முடியாது. எவரை ஏமாற்றினான் என்பதைவிட, எதனை இழந்தான் என்பது பெரிது. நாம் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டோம்: “தம்பி, உன் கட்டுரையின் இரண்டாம் பக்கத்தில், காரைக்காலுக்குரிய காவிரிப் பங்கைப் பற்றி எழுதியிருக்கிறதே, அது எவ்வளவு? எவர் கொடுத்தது?” அவன் விழித்தான். அவன் பெயரால் வந்த கட்டுரை. அவனுக்கே அது அயலூர்! அவனுடைய மொழிக்குறையை மறைத்த பொறி, அவனுடைய கேள்வியையும் சேர்த்து விழுங்கிவிட்டது. நூற்றாண்டுகளாக நமக்காகப் பிறர் சிந்தித்தனர். நமக்காகப் பிறர் பேசினர். நாம் தலையை மட்டும் ஆட்டினோம். அந்த நிலையிலிருந்து மீளத்தானே கல்வி கேட்டோம்? கல்லூரிக்குள் நுழைந்த முதல் தலைமுறையே மறுபடியும் தலையாட்டத் தொடங்கினால், இழப்பு அவனுக்கு மட்டுமன்று.

உழவனின் மகனிடமும் ஒன்று சொன்னோம். “நீ நடந்தாய், கேட்டாய், எழுதினாய். அதுவே கல்வி. ஆனால் உன் தகப்பனார் சொன்னதை மட்டும் எழுதி நிறுத்திவிட்டாயே! அவர் சொன்னது சரிதானா என்று பார்த்தாயா?” அவனும் விழித்தான். தகப்பன் சொல் என்பதாலேயே அது மெய்யாகிவிடாது. பொறி சொல் என்பதாலும் மெய்யாகிவிடாது.

பிறகு மூவரும் ஒரு மடிக்கணினியின் முன் அமர்ந்தோம். 2007-ஆம் ஆண்டு காவிரி நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு, காரைக்காலுக்காகப் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. நீர் ஒதுக்கியது, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதனை மாற்றாமல் நிலைநிறுத்தியது. தீர்ப்பையே திறந்து படித்தோம். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் சூன் 12-ஐயும், தகப்பனார் சொன்ன நாற்று நடும் நாட்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். விண்ணிலிருந்து எடுத்த நிலப்படங்கள் 2008 முதல் விலையின்றிக் கிடைக்கின்றன. அவற்றிலே நம் ஊர் வாய்க்கால்களைத் தேடினோம். முதியவர் சொன்ன ஒரு வாய்க்கால் படத்தில் இல்லை! தூர்ந்துவிட்டதா, ஆக்கிரமிக்கப்பட்டதா, அவர் நினைவுதான் பிசகியதா? இருவரும் வாக்குவாதத்தில் இறங்கினர். மறுநாள் காலை சென்று பார்த்துவிடுவதென்று முடிவாயிற்று. முகம் கொடுத்துப் பேசாமல் வந்தவர்கள், ஒருவன் தோள்மேல் ஒருவன் கைபோட்டுச் சென்றனர். பொறிக்கு முன் அமர்ந்ததால் வந்த ஒற்றுமை அன்று அது. பொறியால் விடை சொல்ல முடியாத கேள்வியொன்று பிறந்ததால் வந்த ஒற்றுமை!

பல்கலைக்கழகங்களில் மடிக்கணினியைப் புகுத்துவது என்றால் என்ன என்பதற்கு நாம் காணும் பொருள் இதுதான். பெட்டியை மாணவன் மடியில் வைப்பது பாதி. மறுபாதி, வகுப்பின் வழக்கத்தை மாற்றுவது. குறிப்பை எழுதச்சொல்லும் மணிநேரத்தைக் கேள்வி கேட்கும் மணிநேரமாக்குங்கள்; குறிப்பைக் கணினியில் முன்கூட்டியே அனுப்பிவிடலாம். கட்டுரைக்கு மட்டும் மதிப்பெண் இடாதீர்கள். அது வந்த வழிக்கும் இடுங்கள் — எங்கே தேடினாய், எதனை ஒப்பிட்டாய், எதனை ஏற்க மறுத்தாய், ஏன்? ஐந்து நிமிடம் எதிரில் அமரவைத்து வாய்மொழியாகக் கேளுங்கள். மரமில்லாக் கனி அங்கே மறைந்துவிடும். பொறி எழுதிய பக்கத்தையே கொடுத்து, இதில் உள்ள பிழைகளைக் கண்டுபிடி என்று சொல்லுங்கள். மாணவன் அன்றே திறனாய்வாளனாவான். கணினி தேவைப்படாத நேரத்தில் மூடிவைக்கவும் பழக்குங்கள். மூடத் தெரியாதவனுக்குத் திறக்கவும் தெரியாது. மாணவனுக்குத் தமிழில் விடை எழுதும் உரிமை கொடுங்கள். ஆசிரியருக்கும் பயிற்சி கொடுங்கள். பெட்டிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியேனும் அதற்கு ஒதுக்குங்கள்.

கணினி அறிஞர் ஆலன் கே, 1972-இல், நோட்டுப் புத்தகம்போல் தூக்கிச் செல்லத்தக்க ஒரு கணினியைக் கற்பனை செய்து எழுதினார். அவர் அதனைக் கனவு கண்டது குழந்தைகளுக்காக — பார்த்துக்கொண்டிருக்க அன்று, தாமே ஆக்கிப் பார்க்க! அந்தக் கனவின் உடல் நம் பிள்ளைகளின் மடிக்கு வந்துவிட்டது. உயிர் இன்னும் வழியில் நிற்கிறது. அதனை அழைத்துவரும் பொறுப்பு அரசின்மேல் மட்டுமன்று; வகுப்பறையில் நிற்கும் நம்மேலும், வகுப்பறையில் அமர்ந்திருக்கும் உங்கள்மேலும் இருக்கிறது.

தோழர்களே! அடுத்த ஆனியிலும் காரைக்கால் தெருக்களில் மாங்கனிகள் பறக்கும். பிடிப்போர் பிடிக்கட்டும், உண்போர் உண்ணட்டும். ஆனால் உங்கள் மடியில் விழும் கனியை மட்டும் கண்மூடிச் சுவைக்காதீர்கள். உங்களுக்கு வரவேண்டியது வரவில்லையானால், உரக்கக் கேட்டுப் பெறுங்கள்; பெற்றபின், எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். நூலைக் கேளுங்கள், பொறியைக் கேளுங்கள், ஆசிரியரைக் கேளுங்கள்; இக்கட்டுரை எழுதிய நம்மையும் கேளுங்கள்! விடை வந்தபின்னும் நிறுத்தாதீர்கள். பரமதத்தன் நின்ற இடத்தில் நாமும் நின்றுவிட்டால், கும்பிடுவதற்கு இன்னொரு பொருள் கிடைத்தது என்பதன்றி வேறு பயன் இல்லை.